நல்ல சீட்டுக்கட்டும் நட்பும்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலருளர். அவர்களைக் குறை கூறுதற்கில்லை. பொருளை வைத்தாடிப் பொருளோடு மானத்தையும் இழந்த குடும்பங்களை அவர்கள் கண்ணாரக் கண்டிருப்பர். வள்ளுவப் பெருந்தகையும் திருக்குறளின் 94-ஆவது அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கி அதன் கேட்டை எடுத்துரைத்தார். சூதினால் பாண்டவர் பட்ட பாட்டைப் பாரறியும். ஆயின் ஈண்டு நாம் எழுதப் புகுந்தது பணம் வைத்தாடும் சூதைப் பற்றியன்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான்கு வீட்டார் ஒரு ஜமக்காளத்தில் அமர்ந்து, புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்துப் பொழுதுபோக்கும் வீட்டுச் சீட்டாட்டத்தைப் பற்றியது. அதிலும், அவ்வாட்டத்துக்கு எத்தகைய சீட்டுக்கட்டை வாங்குதல் வேண்டும் என்பதைப் பற்றியது.

'இதையும் ஒரு பொருளாகக் கொண்டு எழுத வேண்டுமோ?' என்று அன்பர்கள் வினவலாம். சில ஆண்டுகட்கு முன்பு நாமும் அவ்வாறே வினவியிருப்போம். நூறு ரூபாயும் பெறாத காகிதக் கட்டு ஒன்றினால், நம் தந்தையார் காலந்தொட்டு வந்த நட்பொன்று முறிந்துபோக இருந்தது. அதில் நம் குற்றமும் கலந்திருந்தது. அதனைச் சொல்லாமல் சீட்டின் தரத்தைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

நாம் தென்கிழக்கு இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறோம். தந்தையார் கரக்பூரில் அதே இரயில்வேயில் பணியாற்றி, பணிக்காலத்திலேயே காலமானார். அப்போது நமக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியன்றி வேறு தகுதி யாதுமில்லை. கருணை அடிப்படையில் கிடைத்த வேலைதான் தாயாரையும் தங்கையையும் காத்தது. பின்னர் கொல்கத்தாவில் கார்டன் ரீச்சிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தபோது, கோப்பு எழுதுவது எப்படி, மேலதிகாரிக்குக் குறிப்பு வைப்பது எப்படி என்று கைபிடித்துக் கற்பித்தவர் ஒருவர். அவர் திருநெல்வேலிச் சீமையினர். கரக்பூரில் தந்தையாரோடு பணிபுரிந்தவர். தந்தையார் அவரை 'அண்ணாச்சி' என்று அழைத்ததால் நமக்கும் அவர் அண்ணாச்சியே ஆனார்; நம் இல்லத்துச் சிறாருக்கோ தாத்தா. ஓய்வு பெற்றபின் ஊர் திரும்ப மனமின்றி, லேக் மார்க்கெட்டுக்கு அருகில் மகள் வீட்டில் தங்கிவிட்டார்.

வங்காளத்தில் வளர்ந்தவர்க்குச் சீட்டாட்டம் புதிதன்று. ஹவுரா, சியால்தா நிலையங்களுக்கு நாள்தோறும் வந்து போகும் புறநகர் வண்டிகளில், நால்வர் எதிரெதிரே அமர்ந்து, முழங்கால்களின்மேல் ஒரு செய்தித்தாளையோ கைப்பெட்டியையோ பரப்பி, இறங்கும் நிலையம் வரும்வரை ஆடிக்கொண்டே செல்லும் காட்சியை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் ஆடுவது பெரும்பாலும் 'இருபத்தொன்பது' என்னும் ஆட்டம். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என எண்ணப்படும். நம் நாட்டுப்புறத்தில் ஆடும் 'இருபத்தெட்டு' இதற்கு உடன்பிறப்பே.

மற்றொரு செய்தியும் சுவையானது. வங்காளியர் சீட்டின் இனங்களை இஷ்காபன், ஹரதன், ருயிதன் என்பர். இவை ஆங்கிலச் சொற்கள் அல்ல. டச்சுச் சொற்களின் திரிபு. ஹூக்ளி ஆற்றங்கரையில், கொல்கத்தாவுக்கு வடக்கே உள்ள சின்சுராவில் 1825-ஆம் ஆண்டு வரை டச்சுக்காரர் கோலோச்சினர். அவர் போய்ச் சேர்ந்தும் அவர்தம் சீட்டுப் பெயர்கள் இங்கே நிலைத்துவிட்டன. நம் ஊர் முதியோர் 'ஆடுதன்' என்று கூறுவதும் அவ்வழி வந்ததே. கடல் கடந்து வந்தவர்கள் விட்டுச் சென்ற சொற்களை, வங்காளியரும் வயிற்றுப்பாட்டுக்காக இங்கு வந்த நம்மவரும் இன்றும் ஒருங்கே உச்சரித்து ஆடுகிறோம்.

நிற்க. 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் வீட்டில் ஞாயிறு ஆட்டம் தொடங்கியது. அண்ணாச்சி, அடுத்த வீட்டு வங்க ஆசிரியர், சால்ட் லேக் பகுதியில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் திருச்சி இளைஞர், நாம் ஆக நால்வர். கட்டு அண்ணாச்சி கொடுத்தது. முதல் ஆறு மாதமும் இருபத்தொன்பதே ஆடினோம். பொரித்த ஆலு சாப்பும் வேகுனியும் தட்டில் இருக்கும். எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொடுவோம். மின்விசிறி சுழன்றாலும் வேர்வை வழியும். காகிதச் சீட்டுகள் ஈரத்தை உறிஞ்சித் தடித்தன, மூலைகள் பிசிறடித்தன, முதுகுகள் கறுத்தன. அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

பின்பு இளைஞர் 'போக்கர்' என்னும் ஆட்டத்தைக் கற்றுத் தந்தார். ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. யாரிடம் கொட்டை குறைகிறதோ அவர் அடுத்த ஞாயிறு சிற்றுண்டிச் செலவை ஏற்க வேண்டும், அவ்வளவே பந்தயம். இவ்விடத்தில் ஐயமுடைய அன்பர்க்கு ஒன்று கூறுவோம். மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டம், பிரிட்ஜ், போக்கர், ரம்மி, நாப் ஆகிய சீட்டாட்டங்களைச் சூது என்ற சொல்லின் பொருளிலிருந்து விலக்கியிருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமையின்பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றமும் 1967-இல் தீர்ப்பளித்தது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கைப்பேசி வழியே பணம் வைத்தாடும் ஆட்டங்களையோ 2025-ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் தடை செய்தது. சட்டம் இடங்கொடுத்தாலும் வீட்டில் பணத்தை வைக்காதிருத்தலே நலம். புளியங்கொட்டைக்கு இணையான பந்தயப் பொருள் வேறில்லை. தோற்றவனும் சிரித்துக்கொண்டே எழுந்து போகலாம்.

போக்கரில் நமக்குத் தொடர்ந்து வெற்றி. ஆட்டம் புதிதாயிருந்தும் கொட்டைகள் நம்மிடமே குவிந்தன. கூர்த்த மதியினால் வெல்கிறோம் என்று முதலில் நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். உண்மை வேறு. இருபத்தொன்பது ஆட்டத்துக்கு ஏழு முதல் ஆசு வரையுள்ள 32 சீட்டுகளே வேண்டும். ஆறுகளைப் புள்ளிக் கணக்குக்கு வைத்துக்கொள்வர். இரண்டு முதல் ஐந்து வரை உள்ளவை பெரும்பாலும் பெட்டியிலேயே உறங்கும். ஆறு மாதம் கைபட்ட 32 சீட்டுகளின் முதுகு கறுத்திருந்தது. எஞ்சிய 20 சீட்டுகளின் முதுகு ஏறக்குறைய வெளுப்பாகவே இருந்தது. போக்கருக்கோ 52-உம் வேண்டும். எதிரே இருப்பவர் கையில் உள்ளது பெரிய சீட்டா, சிறிய சீட்டா என்பதை அவர் முகத்தைப் பார்த்து அறிய வேண்டிய ஆட்டத்தில், சீட்டின் முதுகைப் பார்த்தே அறிந்துவிடலாம். நம் கண் அதனை எப்போது கண்டுகொண்டது என்று தெரியாது. கண்டபின் அதனை மறக்க இயலவில்லை. வெளியே சொல்லவும் மனம் வரவில்லை. 'நாம் சீட்டில் குறி வைக்கவில்லையே. தானாக வந்த குறிதானே' என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு ஞாயிறு அண்ணாச்சி பெருந்தொகையாகக் கொட்டைகளை முன்வைத்துப் பந்தயத்தை ஏற்றினார். நாம் முன்னரே விலகியிருந்தோம். இளைஞரும் தயங்கித் தயங்கி விலகினார். அண்ணாச்சி சீட்டுகளைத் திறந்து வைத்தார். பார்த்தால் வெறும் இரண்டு எட்டுகள். அதைக்காட்டிலும் நல்ல சீட்டை வைத்திருந்த இளைஞர்க்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தக் கட்டில் முதுகைப் பார்த்தாலே சீட்டு தெரிகிறது. கட்டு யார் கொடுத்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

அறையில் பேச்சு நின்றுவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. தம் கொட்டைகளைக் கிண்ணத்தில் கொட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேரமாகிவிட்டது தம்பி, நான் வருகிறேன்" என்று எழுந்து போனார். நாம் வாயிற்படி வரை சென்றோம். ஒரு சொல்லும் பேசினோமில்லை. 'முதுகைப் பார்த்து ஆடியவர் நாம். அவரல்லர்' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் நம் நா எழவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு மழை என்று காரணம் கூறிக்கொண்டோம். அன்று பத்து வயது நிரம்பிய நம் மூத்த மகள், கட்டை எடுத்துத் தரையில் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென, "அப்பா, அழுக்கு முதுகு எல்லாம் பெரிய சீட்டு, வெளுத்த முதுகு எல்லாம் சின்னச் சீட்டு. திருப்பிப் பார்க்காமலே பிரித்து வைக்கிறேன், பாருங்கள்" என்றாள். வைத்தாள். இரண்டு குவியல்கள். திருப்பிப் பார்த்தபோது மூன்றே மூன்று சீட்டுகள்தாம் தவறியிருந்தன. அடுக்களையிலிருந்து வந்த இல்லாள் சீட்டுகளையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்து, "குழந்தைக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாமலா இருந்தது?" என்று வினவினாள். அவ்வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. அன்று மாலையே குடையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தோம்.

நடந்ததை ஒளிக்காமல் உரைத்தோம். சிறிது நேரம் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் பின்பு சொன்னார்: "தம்பி, எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். சீட்டின் முகத்தில் இருக்கிற எண்ணே மங்கல். முதுகில் இருக்கிற அழுக்கை நான் எங்கே பார்க்க? அன்றைக்கு மூன்று எட்டு வந்துவிட்டது என்று நினைத்துத்தான் பந்தயத்தை ஏற்றினேன். திறந்து வைத்த பிறகுதான் தெரிந்தது, அதில் ஒன்று எட்டு இல்லை, மூன்று!"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. "கொட்டை போனது பற்றி இல்லை. உன் அப்பா இருந்திருந்தால் வாசல்வரை பேசாமல் வந்திருக்க மாட்டார். அதுதான் மனசிலே கிடந்தது" என்றார். சற்றுப் பொறுத்து, "போகட்டும். நல்ல கட்டாக ஒன்று வாங்கு. எண் பெரிதாக இருக்கட்டும், முதுகு எல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும்" என்று முடித்தார். மறு ஞாயிறு நால்வர் முன்னிலையிலும் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். இளைஞர் எழுந்து வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதுகு ஒன்றுபோல் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதனைப் பண்டைய கைவினைஞரும் அறிந்திருந்தனர். அவ்வாண்டு பூஜை விடுமுறையில் குடும்பத்துடன் பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூர் சென்றபோது, 'தசாவதாரத் தாஷ்' என்னும் வட்டச் சீட்டுகளைக் கண்டோம். மல்ல மன்னர் காலத்து ஆட்டம் அது. பத்து அவதாரங்கள், அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள். பௌஜ்தார் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அவற்றைச் செய்து வருகின்றனர். பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் பல மடிப்பாக ஒட்டி, சுண்ணப்பொடி பூசித் தேய்த்து, வட்டமாக வெட்டி, முகத்தில் ஓவியம் தீட்டுவர். முதுகிலோ அரக்கும் குங்குமச் செந்நிறமும் கலந்த ஒரே பூச்சு. ஈரமும் வேர்வையும் உட்புகாமல் காப்பதும், 120 முதுகையும் ஒன்றாக்குவதும் அப்பூச்சே. ஹரப்பிரசாத் சாஸ்திரியார் 1895-ஆம் ஆண்டிலேயே ஆசியக் கழகத்தின் இதழில் இச்சீட்டுகளைப் பற்றி எழுதியுள்ளார். நம் வீட்டில் பந்தயப் பொருளான புளியங்கொட்டை, அங்கே சீட்டுக்கே உயிராக இருந்ததைக் கண்டு அண்ணாச்சிக்கென ஒரு சீட்டை வாங்கி வந்தோம்.

இனி, கட்டு வாங்கிய வரலாறு. முதலில் ஏமாந்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நகரக் கடையொன்றில், பொன்னிறத் தகடுபோல் பளபளக்கும் பிளாஸ்டிக் கட்டு ஒன்றை, 'நீரில் நனையாது, கிழியாது' என்று கூறித் தந்தனர். நனையவில்லை, கிழியவுமில்லை என்பது உண்மையே. ஆனால் கலைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இல்லையேல் மொத்தமாக வழுக்கித் தரையில் சிதறும். எண்கள் பொன்னின்மேல் பொன்னாக மின்னியதால், புரைக்கண் உடையவர் இருக்கட்டும், நல்ல கண் உடையவர்க்கே தெரியவில்லை. விளக்கொளி பட்டால் எதிரிலிருப்பவர் சீட்டு பளபளப்பில் எதிரொளித்தது. அக்கட்டு இப்போது சிறாரின் விளையாட்டுப் பெட்டியில் இருக்கிறது.

அதன்பின் பலரிடம் கேட்டும் கையில் வைத்துப் பார்த்தும் தெளிந்தவற்றைத் தொகுத்துரைப்போம். சந்தையில் மூவகைச் சீட்டுகள் உள. முதலாவது, வெறுங் காகிதம். நல்ல காகிதச் சீட்டு உண்மையில் இரு தாள்களைக் கரும்பசை கொண்டு ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரியாதிருத்தற்கே அக்கரும்பசை. மலிவுச் சீட்டில் அது இராது; விளக்கின்முன் பிடித்தாலே ராஜாவா ராணியா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, பிளாஸ்டிக் பூச்சிட்ட காகிதம். பெட்டியின்மேல் 'பிளாஸ்டிக்' என்ற சொல் பெரிதாகவும் 'பூச்சு' என்பது சிறிதாகவும் இருக்கும். முகத்தில் நீர் பட்டால் துடைக்கலாம். ஓரத்தின் வழியே நீர் புகுந்தால் ஊதிவிடும். மூன்றாவதே முழுப் பிளாஸ்டிக். இதில் பி.வி.சி. என்னும் பொருளால் ஆனவையும், செல்லுலோஸ் அசிடேட்டினால் ஆனவையும் உண்டு. பின்னது அமெரிக்காவின் 'கெம்' சீட்டுகளால் புகழ்பெற்றது. பிரேசிலில் 1908-இல் தொடங்கிய 'கோப்பாக்', இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1868-இல் தொடங்கிய 'மோதியானோ' ஆகியவையும் இத்துறையில் பெயர் பெற்றவை.

இரண்டாம் வகையை மூன்றாம் வகையென்று நம்பி ஏமாறாதிருக்க எளிய வழியொன்றுண்டு. கட்டில் உபரியாக வரும் விளம்பரச் சீட்டையோ வேண்டாத ஜோக்கரையோ ஒரு தம்ளர் நீரில் ஓரிரவு போட்டு வையுங்கள். காலையில் ஓரம் பிரிந்திருந்தால் அது பூச்சுக் காகிதம். மாறாதிருந்தால் முழுப் பிளாஸ்டிக். கடையிலேயே அறிய வேண்டின், ஒரு சீட்டை மெல்ல வில்போல் வளைத்து விடுங்கள். நல்ல சீட்டு உடனே நிமிர்ந்துவிடும். வழவழப்பும் அளவோடு இருத்தல் வேண்டும். முகத்தில் துணி நெசவுபோன்ற நுண்ணிய மேடுபள்ளம் இருப்பின் சீட்டுகளுக்கிடையே காற்றுப் புகும், ஒட்டாமல் நகரும். கண்ணாடிபோல் மொழுமொழுவென்றிருப்பதை விட்டுவிடுக.

அடுத்து, முதுகு. ஓவியம் மேலும் கீழும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மயிலும் மறுபக்கம் மரமுமாக இருந்தால், சீட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தே குறி செய்துவிடலாம். ஓரத்தில் வெள்ளைக் கரை உண்டாயின் அது நாற்புறமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் விரைந்து தள்ளி விடுக. கரை அசையாமல் ஒரே கோடாக நின்றால் வெட்டு நேர்த்தியானது. கரை ஆடினால் சீட்டுக்குச் சீட்டு வெட்டு மாறியிருக்கிறது. அம்மாற்றமே நாளடைவில் குறியாகிவிடும். நம் அனுபவத்தில் இச்சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

அளவிலும் இருவகை உண்டு. போக்கர் அளவு இரண்டரை அங்குல அகலம். பிரிட்ஜ் அளவு இரண்டேகால் அங்குலம். உயரம் இரண்டுக்கும் மூன்றரை அங்குலமே. பதின்மூன்று சீட்டு பிடிக்கும் ரம்மிக்கும், சிறு கையுடைய பெண்டிர்க்கும் சிறார்க்கும் குறுகிய அளவே வசதி. முதியோர் உள்ள வீடாயின் பெரிய எண் அச்சிட்டதைக் கேட்டு வாங்குக. எட்டையும் மூன்றையும் மயங்க இடமிராது. இயலுமாயின் வெவ்வேறு நிற முதுகுடைய இரண்டு கட்டுகள் அடங்கிய பெட்டியை வாங்குதல் நன்று. ஒன்றைப் பகிரும்போது மற்றொன்றைக் கலைக்கலாம். இரண்டும் சமமாகத் தேயும். இத்தகைய பெட்டிக்கு விலை ஆயிரக்கணக்கில் ஆகும். எழுத்தர் சம்பளத்தில் அஃது எளிதன்று. ஆகவே நான்கு வீட்டாரும் பங்கிட்டுக்கொண்டோம். மாதந்தோறும் காகிதக் கட்டு வாங்கி எறிந்த கணக்கைக் கூட்டிப் பார்த்த வங்க ஆசிரியர், சில ஆண்டில் இரண்டும் சரியாகிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

பேணும் முறையும் அரிதன்று. வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி சோப்பைக் கலந்து, மென்துணியை நனைத்துப் பிழிந்து, முகமும் முதுகும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி நிழலில் பரப்புக. கொதிநீரும் வெயிலும் ஆகா, வளைந்துவிடும். ஸ்பிரிட் போன்றவை மையைக் கரைக்கக் கூடும். எப்போதும் ஒரே பக்கமாக வளைத்துக் கலைத்தால் கட்டு கூன் விழும். மாற்றி மாற்றிக் கலைக்க வேண்டும். வெறுந்தரையில் ஆடினால் சீட்டை எடுக்க நகத்தால் சுரண்ட நேரும். ஜமக்காளமோ கெட்டித் துணியோ விரித்தால் அத்தொல்லையில்லை. மடித்து முறித்த மடிப்பு மட்டும் பிளாஸ்டிக்கிலும் மறையாது. ஆகவே கோபத்தில் சீட்டை நசுக்குவோர்க்கு எந்தக் கட்டும் உதவாது. இருபத்தொன்பது ஆடுவோர்க்குத் தனியாக ஒன்று: அவ்வாட்டத்துக்கு ஒரு கட்டையும், 52 சீட்டும் ஆடும் ஆட்டங்களுக்கு வேறொரு கட்டையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். நம் வீட்டில் அதுவே இன்று சட்டம்.

சீட்டாட்டத்தால் பெருமையும் வரும் என்பதற்கு இந்நகரமே சான்று. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், பிரிட்ஜ் ஆடவர் இணைப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றவர்கள் கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் ஆவர். பர்தனுக்கு அப்போது வயது 60. பேரப்பிள்ளை காணும் வயதில் நாட்டுக்குப் பதக்கம் கொணர்ந்த செய்தியைப் படித்த அன்று அண்ணாச்சி எல்லார்க்கும் சந்தேஷ் வாங்கித் தந்தது நினைவிருக்கிறது.

அண்ணாச்சி சென்ற ஆண்டு கண் அறுவை செய்துகொண்டார். இப்போது எண் நன்றாகத் தெரிகிறது. முன்போல் தவறுதலாகப் பந்தயத்தை ஏற்றுவதில்லை; ஆதலின் முன்னிலும் அதிகமாகத் தோற்கிறார். நாமும் தோற்கிறோம். முதுகுகள் 52-உம் ஒன்றாக இருப்பதால், எதிரே உள்ளவர் மனத்தில் என்ன என்று அறிய அவர் முகத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது. சென்ற மூன்று ஞாயிறுகளில் இரண்டில் சிற்றுண்டிச் செலவு நம்முடையது.

சொந்த ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு இப்பால் வாழும் நமக்கு, உறவு என்று சொல்லிக்கொள்ள இத்தகைய நட்புகளே உள்ளன. வேறொருவர் பழி சுமந்து வாசலைக் கடக்கும்போது உண்மை அறிந்தவர் வாய் திறவாதிருந்தால், அக்குறையை எந்தக் கட்டும் நீக்காது. அது நாம் பட்டறிந்த பாடம். ஆயினும் நல்லவரையும் ஐயுறச் செய்யும் கட்டை வீட்டில் வைத்திருத்தல் வேண்டா. சங்க அன்பர்கள் அடுத்த தீபாவளிக்குள் தங்கள் வீட்டுக் கட்டை எடுத்து, முகங்களைக் கீழாக்கித் தரையில் பரப்பிப் பாருங்கள். வீட்டுக் குழந்தையொன்றை அழைத்து அவற்றைத் தரம் பிரிக்கச் சொல்லுங்கள். குழந்தையால் இயலாதாயின் அக்கட்டு நல்ல கட்டு. இயலுமாயின், அன்றே அதனை மாற்றிவிடுங்கள்.